முதல் உழவர் ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். விடுமுறை நாட்களில் நூலகக் கூட்டங்களில் தொல்லியல் பற்றிப் பேசுவதும் உண்டு. உழவின் தொடக்கம் என்று பேச்செடுத்தால் போதும், எந்த ஊரிலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

1. விவசாயத்தை முதலில் கண்டுபிடித்தது எந்த நாடு?

எந்த ஒரு நாடும் இல்லை. உலகின் பல மூலைகளில், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், தங்களைச் சுற்றி வளர்ந்த செடிகளைத் தனித்தனியாகப் பயிராக்கினார்கள். இவற்றில் காலத்தால் மூத்தது மேற்கு ஆசியா. இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டான், சிரியா, தென்கிழக்குத் துருக்கி, வடக்கு இராக், மேற்கு ஈரான் என்று பிறை வடிவில் வளைந்து போகும் அந்த நிலத்தில் கோதுமை, பார்லி, பருப்பு, பட்டாணி, கொண்டைக்கடலை ஆகியவை சுமார் 11,500 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் மெல்ல மெல்லப் பயிராகின.

சீனாவில் யாங்சி ஆற்றங்கரையில் நெல், வடக்கே மஞ்சளாற்றுப் பக்கம் தினையும் பனிவரகும். நியூ கினி மலைகளில் வாழையும் சேம்பும். மெக்சிகோவில் பூசணியும் மக்காச்சோளமும். ஆண்டிஸ் மலைப்பகுதியில் உருளைக்கிழங்கு. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே சோளமும் கம்பும். "எது முதல்" என்ற போட்டியைவிட, இத்தனை இடங்களில் இது தனித்தனியாக நடந்தது என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

2. எழுத்தே இல்லாத காலம். அப்போது என்ன பயிரிட்டார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பெரும்பாலும் கருகிய விதைகளை வைத்து. பச்சைத் தானியம் மண்ணில் மக்கிப் போகும். அடுப்பில் தவறி விழுந்து கரியானது மக்காது. தோண்டிய மண்ணைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் மண் அடியில் தங்கும், கரித்துகள் மேலே மிதந்து வரும். அதை மெல்லிய சல்லடையில் பிடித்து உலர்த்தி, உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். 1960களில் இந்த முறை பரவிய பிறகுதான் இந்தத் துறையே கண் திறந்தது. அதற்கு முன்னால் அகழாய்வுகளில் விதைகளை மண்ணோடு மண்ணாகக் கொட்டிவிட்டார்கள்.

விதை மட்டுமல்ல. புல்லின் செல்களுக்குள் படியும் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் செடி அழிந்த பிறகும் மண்ணில் இருக்கும், எந்தச் செடி என்று அவற்றின் வடிவம் சொல்லும். அரைகல்லின் குழிகளில் மாவுத்துகள் ஒட்டியிருக்கும். ஏரிச் சேற்றில் மகரந்தம் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஆட்டுப்பட்டியின் தரையில் சிறுநீர் உப்பு சேர்ந்திருக்கும். துருக்கியின் அஷிக்லி ஹோயுக் என்னும் மேட்டில் அந்த உப்பை அளந்தே ஆடு வளர்ப்பு எப்படிப் பெருகியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

3. கிடைத்த தானியம் காட்டில் பொறுக்கியதா, விதைத்து அறுத்ததா? இரண்டும் ஒரே மாதிரி கரியாகத்தானே இருக்கும்?

நல்ல கேள்வி. மொத்த விஷயமும் இதில்தான் நிற்கிறது. காட்டுக் கோதுமை முற்றியதும் கதிர் தானாகவே துண்டு துண்டாக உதிரும். உதிர்ந்தால்தான் அடுத்த தலைமுறை முளைக்கும். பிரிந்த இடத்தில் தழும்பு வழுவழுப்பாக இருக்கும். நாம் பயிரிடும் கோதுமை தானாக உதிராது, அடித்தால்தான் பிரியும். அதனால் முறிந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். நெல்லுக்கும் இதே கதைதான். கருகிய துணுக்கிலும் இந்தத் தழும்பைப் பார்க்கலாம்.

உதிராத கதிர் எப்படிப் பெருகியது? அறுத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் உதிர்கிறவை உதிர்ந்துவிடும். உதிராதவையே அதிகம் வந்து சேரும். அதிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் ஆண்டுக்கு ஆண்டு உதிராத வகை கூடும். யாரும் திட்டமிடாமலே பயிர் மாறிவிடும். கணக்குப்படி பார்த்தால் சில பத்தாண்டுகளிலேயே இது முடிந்திருக்கலாம் என்று 1990இல் ஓர் ஆய்வு சொன்னது. மண்ணில் கிடைத்த சாட்சியோ இரண்டு, மூன்று ஆயிரம் ஆண்டுகள் பிடித்ததாகக் காட்டுகிறது. சீனாவின் தியான்லுவோஷான் ஊரில் சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முன் உதிராத நெல் 27 சதவீதம்தான். 300 ஆண்டுகள் கழித்து 39 சதவீதம். அந்த 300 ஆண்டுகளில் அங்கு கிடைக்கும் தாவர எச்சங்களில் நெல்லின் பங்கு 8இலிருந்து 24 சதவீதமாகிறது. மீதியெல்லாம் ஓக் மரக் கொட்டைகளும் குளத்தில் விளையும் கொட்டைகளும் போன்ற பொறுக்கிய உணவு. ஒரு தலைமுறையில் வாழ்ந்தவர்களுக்கு எதுவும் மாறியதாகவே தெரிந்திருக்காது.

விலங்குகளுக்கு வேறு கணக்கு. வேட்டைக்காரர் கண்ணில் படும் பெரிய விலங்கைக் கொல்வார். ஆடு வளர்ப்பவர் கிடாக்குட்டிகளை இளமையிலேயே அடித்துவிட்டு, பெட்டை ஆடுகளைக் குட்டி போட வைத்துக்கொள்வார். ஈரானின் கஞ்ச் தாரே ஊரில் சுமார் 10,000 ஆண்டுப் பழைய வெள்ளாட்டு எலும்புகள் அப்படித்தான் பிரிந்திருக்கின்றன: இளம் கிடாக்கள், வயதான பெட்டைகள்.

4. இந்த ஆண்டுக்கணக்கெல்லாம் நம்பலாமா? அடிக்கடி மாற்றுகிறார்களே?

மாற்றுகிறார்கள் என்பதால்தான் நம்பலாம் என்பேன். உயிருள்ள எதிலும் கதிரியக்கக் கார்பன் இருக்கும். உயிர் போனபின் அது சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகும். எவ்வளவு மிச்சம் என்று பார்த்து வயதைக் கணிக்கிறார்கள். முன்பு இதற்கு நிறையக் கரி தேவைப்பட்டது. அதனால் விதையை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்த மரக்கரியை அளந்தார்கள். எலி வளை வழியாகவோ குழி தோண்டும்போதோ மேலடுக்குத் தானியம் கீழடுக்குக்கு இறங்கியிருந்தால் கணக்கு தப்பும்.

இப்போது ஒரே ஒரு தானியத்தை வைத்தே அளக்க முடிகிறது. மெக்சிகோவின் தெவாகான் பள்ளத்தாக்கில் கிடைத்த மக்காச்சோளக் கதிர்களை 1989இல் நேரடியாக அளந்தபோது, முன்பு நினைத்ததைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் இளையவை என்று தெரிந்தது. நமக்கு அருகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு, 12ஆம் கேள்வியில் வருகிறது.

5. விவசாயம் வந்த பிறகுதானே மக்கள் ஓரிடத்தில் தங்கி ஊர் கட்டினார்கள்?

பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படித்தோம். நானும் மாணவர்களுக்கு முதலில் அந்த வரிசையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மண் சொல்வது வேறு. 1989இல் கலிலேயா ஏரியின் நீர்மட்டம் இறங்கியபோது ஓஹாலோ என்னுமிடத்தில் குச்சிக் குடிசைகளின் தரை வெளிப்பட்டது. வயது 23,000 ஆண்டுகள். உள்ளே காட்டு பார்லி, காட்டுக் கோதுமை, அரைகல். அதற்கு வெகுகாலம் பின், சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அதே பகுதியில் வாழ்ந்த நட்டூபிய மக்கள் கல் அடித்தளத்தில் வட்ட வீடு கட்டி ஆண்டின் பெரும்பகுதி அங்கேயே தங்கினார்கள். எப்படித் தெரியும் என்றால், அவர்கள் ஊர்களில் வீட்டெலியின் எலும்பு நிறையக் கிடைக்கிறது. மனிதர் நிலையாகத் தங்கும் இடத்தில்தான் வீட்டெலி பெருகும். இவர்கள் யாரும் பயிர் செய்யவில்லை. மானை வேட்டையாடி, காட்டுத் தானியத்தை அறுத்து வாழ்ந்தவர்கள்.

மெக்சிகோவில் இது தலைகீழ். ஓஹாகா பகுதியில் கிலா நகீட்ஸ் என்னும் சிறு குகையில் 10,000 ஆண்டுப் பழைய பயிரிட்ட பூசணி விதையும், 6,250 ஆண்டுப் பழைய மக்காச்சோளக் கதிரும் கிடைத்தன. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் நிலையான ஊர்கள் எழுந்தது கி.மு. 2000க்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கொஞ்சம் விதைத்து, கொஞ்சம் அலைந்து, திரும்பி வந்து அறுத்து வாழ்ந்திருக்கிறார்கள். ஆக, ஊர் வேறு, உழவு வேறு. சில இடங்களில் ஊர் முந்தியது, சில இடங்களில் உழவு முந்தியது.

6. கோபெக்லி தெபேயில் கோயில்தான் முதலில் வந்தது, அதற்காகத்தான் விவசாயமே தொடங்கியது என்கிறார்களே?

தென்கிழக்குத் துருக்கியில் கி.மு. 9500 வாக்கில் எழுந்த பெரும் கல்தூண் வட்டங்கள் அவை. சில தூண்கள் 5 மீட்டருக்கும் மேல் உயரம். நரி, பாம்பு, கழுகு எல்லாம் செதுக்கியிருக்கிறது. 1990களின் நடுவில் அங்கே அகழாய்வைத் தொடங்கிய கிளவுஸ் ஷ்மிட், இது வழிபாட்டுக்காகப் பல இடத்து மக்கள் கூடிய மலைக்கோயில், இங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று கருதினார். கூடியவர்களுக்குச் சோறு போடும் தேவைதான் பயிரை வளர்த்தது என்ற கருத்து அதிலிருந்து பரவியது.

பின்னால் நடந்த ஆய்வில் குடியிருப்பு போன்ற கட்டடங்களும், மழைநீரைச் சேர்க்கும் ஏற்பாடும், 7,000க்கும் மேற்பட்ட அரைக்கும் கருவிகளும் தெரிய வந்தன. ஆகவே அங்கே ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அரைத்ததோ காட்டுத் தானியம், வீட்டு வகை இல்லை. வேட்டையாடிகளால் இவ்வளவு பெரிய கட்டுமானம் முடியும் என்பதை அந்த இடம் ஐயமின்றிக் காட்டுகிறது. கோயிலுக்காகவே உழவு வந்தது என்பது அதைவிடப் பெரிய கூற்று. அதற்கான சான்று போதாது என்பது என் கருத்து.

7. அந்த ஊர்கள் பார்க்க எப்படி இருந்திருக்கும்?

ஒன்றைப் போல் ஒன்று இல்லை. துருக்கியின் சதல்ஹோயுக்கில் கி.மு. 7100 முதல் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மக்கள் வாழ்ந்தார்கள். அங்கே தெருவே கிடையாது. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். கூரைமேல் நடந்துபோய், கூரையிலுள்ள திறப்பு வழியாக ஏணியில் வீட்டுக்குள் இறங்க வேண்டும். சுவருக்கு வெள்ளைப் பூச்சு மறுபடி மறுபடி, சில சுவர்களில் நூற்றுக்கணக்கான அடுக்கு. இறந்தவரைக் குறுக்கி மடக்கி, தாங்கள் படுக்கும் திண்ணைக்கு அடியிலேயே புதைத்தார்கள். வீடு பழசானால் இடித்து நிரவி அதன்மேலேயே அடுத்த வீடு. இப்படியே மண்வீடு மேல் மண்வீடாக அந்த ஊர் 20 மீட்டர் அளவுக்கு மேடாக உயர்ந்துவிட்டது.

எரிகோவில் கி.மு. 8000 வாக்கிலேயே 8 மீட்டருக்கு மேல் உயரமான கல் கோபுரம் எழுப்பி, உள்ளே 22 படிகள் வைத்தார்கள். காத்லீன் கென்யன் 1950களில் அதைத் தோண்டி வெளிக்கொண்டுவந்தார். ஜோர்டானின் த்ராவில் 11,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு தானியக் குதிர். கற்களின் மேல் தளத்தை உயர்த்தி, அடியில் காற்றோடவும் எலி புகாமலிருக்கவும் வழி செய்திருக்கிறார்கள். அதில் சேமித்தது காட்டு பார்லி. விதை இன்னும் காட்டு வகையாக இருக்கும்போதே குதிர் கட்டத் தெரிந்துவிட்டது, பாருங்கள்.

சீனாவின் ஹெமுடு வேறு உலகம். சதுப்பு நிலத்தில் மரக்கால் நட்டு, அதன்மேல் நீண்ட வீடு. துளையும் நாக்குமாகச் செதுக்கி மரத்தை மரத்தோடு பொருத்தியிருக்கிறார்கள். 7,000 ஆண்டுப் பழைய அந்தத் தச்சு வேலை ஈரச் சேற்றில் காற்றுப் படாமல் கிடந்ததால் அழியாமல் பிழைத்தது. எருமையின் தோள்பட்டை எலும்புதான் மண்வெட்டி. ஷியான் நகரருகே பான்போவில் தினை விளைவித்தவர்கள் ஊரைச் சுற்றி அகழி வெட்டி, இறந்த குழந்தைகளைத் தாழியில் வைத்து வீட்டுப் பக்கத்திலேயே புதைத்தார்கள். நம் முதுமக்கள் தாழியோடு இதற்குத் தொடர்பு உண்டா என்று உடனே கேட்பார்கள். காலமும் இடமும் வெகு தூரம், தொடர்பு காட்டும் சான்று இல்லை.

ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவில் 1850இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனபோது வெளிப்பட்ட ஸ்காரா பிரே, எனக்கு மிகவும் பிடித்த ஊர். வயது சுமார் 5,000 ஆண்டுகள். மரம் அரிதான தீவு என்பதால் கட்டில், அலமாரி எல்லாமே கல். அதனால்தான் இன்றும் அப்படியே இருக்கின்றன.

8. வேட்டையாடி நன்றாகத்தானே இருந்தார்கள்? எதற்காக விவசாயத்துக்கு மாறினார்கள்?

"மாறலாம்" என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை என்பதை 3ஆம் கேள்வியின் வேகத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம். ஆனால் காலநிலை ஒரு முக்கியமான காரணம். சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் திடீரென்று குளிரும் வறட்சியும் திரும்பி வந்தன. 11,700 ஆண்டுகளுக்கு முன் அது முடிந்து, வெப்பமும் மழையும் ஓரளவு நிலையான காலம் தொடங்கியது. பனியுக ஏற்ற இறக்கத்தில் ஒரே நிலத்தை நம்பி ஆண்டுக்காண்டு விதைப்பது கடினம். நிலையான காலத்தில்தான் அந்த நம்பிக்கைக்கு இடம் உண்டு.

அப்புறம், ஓரிடத்தில் தங்கினால் பிள்ளைகள் கூடும். பிள்ளைகள் கூடினால் சுற்றுக்காடு போதாது. கொஞ்சம் விதைத்தால் பசிக்காலத்தைத் தாண்டலாம். விதைத்தால் காக்க வேண்டும், காத்தால் அங்கேயே இருக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் சிறியது. திரும்பிப் போக முடியாத தூரத்துக்கு வந்துவிட்டோம் என்று தெரியும்போது பல தலைமுறை கடந்திருக்கும். ஒரே காரணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நியூ கினிக்கு ஒரு கதை, சீனாவுக்கு வேறு கதை.

9. விவசாயம் வந்ததும் வாழ்க்கை வசதியாகிவிட்டது, அப்படித்தானே?

எலும்புகளைக் கேட்டால் அப்படிச் சொல்லவில்லை. சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலுள்ள அபு ஹுரைரா ஊரின் எலும்புகளை தேயா மோலசன் ஆராய்ந்தார். பல பெண்களின் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து, முழங்காலும் கீழ் முதுகும் சேதப்பட்டிருந்தன. காரணம் அரைகல். முழந்தாளிட்டு, விரல்களை மடக்கித் தரையில் ஊன்றி, கல்லை முன்னும் பின்னுமாகத் தள்ளி ஒரு நாளில் பல மணி நேரம் அரைத்திருக்கிறார்கள், சிறுவயது முதலே. அந்த எலும்புகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். நம் உணவின் தொடக்கத்தில் அந்த முழங்கால்கள் இருக்கின்றன.

பல இடங்களில் பல் சொத்தை கூடுகிறது, வளரும் வயதில் பட்ட பசியின் கோடுகள் பல்லின் எனாமலில் தெரிகின்றன. மாடும் ஆடும் மனிதரும் நெருங்கி வாழ்ந்ததால் நோய் பரவ வழி கூடியது. ஜெர்மனியின் தால்ஹைமில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஒரே குழியில் 34 பேர், குழந்தைகள் உட்பட, அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். கொன்ற கருவிகள் உழவர்கள் பயன்படுத்திய அதே கல்கோடரி வகை. இவ்வளவு இருந்தும் உழவர் தொகை பெருகியது, ஏனெனில் பிள்ளைப்பேறு அதைவிட வேகமாகக் கூடியது. தனியாளின் உடலுக்கு நட்டம், கூட்டத்தின் எண்ணிக்கைக்கு லாபம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

10. பெண்கள்தான் விவசாயத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மையா?

உணவு சேகரித்து வாழும் பல சமூகங்களில் செடி, கிழங்கு, விதை சேகரிப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. ஆகவே விதையின் குணத்தை நன்கு அறிந்தவர்கள் அவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் விதைத்த கை யாருடையது என்று கருகிய விதை சொல்லாது. அரைத்த கை யாருடையது என்பதற்கு மட்டும் 9ஆம் பதிலில் சொன்ன நேரடிச் சான்று இருக்கிறது.

11. பானை ஓடு கிடைத்தால் விவசாய ஊர் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சீனாவின் ஷியான்ரென்டோங் குகைப் பானை ஓடுகள் 20,000 ஆண்டுப் பழையவை, அப்போது பயிரே இல்லை. மேற்கு ஆசியாவிலோ பயிர் வந்து ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பானை இல்லாமலே ஊர்கள் இருந்தன.

12. இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய உழவர் ஊர் எது?

இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தானில், போலன் கணவாய் சமவெளியில் இறங்கும் இடத்திலுள்ள மெஹர்கர். 1970களில் ழான் பிரான்சுவா ஜாரிஜ் குழு அங்கே தோண்டத் தொடங்கியது. களிமண் செங்கல் வீடுகள், பார்லி, கோதுமை, வெள்ளாடு, பிறகு திமில் உள்ள நம் மாட்டினம். உயிரோடு இருப்பவரின் கடைவாய்ப் பல்லைக் கல் துரப்பணத்தால் துளைத்த தடயமும் அங்கே உண்டு. துளைக்குப் பின்னும் அவர்கள் மென்று சாப்பிட்டிருப்பது தேய்மானத்தில் தெரிகிறது.

அதன் தொடக்கம் கி.மு. 7000 என்று பல ஆண்டுகளாக எழுதிவந்தார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களின் பல் எனாமலை நேரடியாக அளந்து 2025இல் வெளிவந்த ஆய்வு, அந்த இடுகாட்டை கி.மு. 5200க்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. 4ஆம் பதிலில் சொன்னது இதைத்தான். ஆண்டு குறைந்ததால் மெஹர்கரின் பெருமை குறையவில்லை. மேற்கிலிருந்து வந்த பயிரும் இங்கேயே பழக்கிய மாடும் சேர்ந்த இடம் அது.

13. தமிழ்நாட்டில்? கீழடி இதில் எங்கே வருகிறது?

கீழடி வேறு அத்தியாயம். அது கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகும் நகர வாழ்வு: செங்கல் கட்டுமானம், எழுத்து, தொழில். உழவு அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம் மண்ணில் வேரூன்றிவிட்டது. தாமிரபரணிக் கரையில் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்று கணிப்பு வந்திருப்பதை 2021இல் தமிழக அரசு அறிவித்தது.

அதற்கும் முந்தைய உழவரைத் தேடினால் கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரா பக்கம் போக வேண்டும். கி.மு. 3000 முதல் அங்கே மாடு மேய்த்துச் சிறுதானியமும் பயறும் விளைவித்த ஊர்கள் இருந்தன. அவர்கள் விட்டுச்சென்ற வியப்பான அடையாளம் சாம்பல் மேடுகள். ஹம்பி அருகே நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை வாலியை எரித்த சாம்பல் என்று ஊரார் சொல்வார்கள். அது மாட்டுச்சாணம் எரிந்த சாம்பல் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் புரூஸ் பூட் கருதினார். 1957இல் உட்னூரில் ஆல்சின் தோண்டியபோது சாம்பலுக்கிடையே மாட்டுக் குளம்பின் தடங்களே பதிந்திருந்தன. மாட்டுப்பட்டியில் சேர்ந்த சாணத்தைக் குவித்து, மறுபடி மறுபடி எரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் அதே மரபைச் சேர்ந்த புதிய கற்கால ஊர் உண்டு. கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் அங்கே கிடைத்தன.

14. தினை, கம்பு, கேழ்வரகு எல்லாம் நம் பாரம்பரியத் தானியம்தானே? இங்கேதானே தோன்றியிருக்கும்?

பாரம்பரியம் என்பதில் சந்தேகமே இல்லை. தோன்றிய இடம் மட்டும் வேறு வேறு. தினை வடசீனாவில் பயிரானது. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவில். மாலி நாட்டில் கி.மு. 2500 வாக்கிலேயே அதன் வீட்டு வகை கிடைக்கிறது. சோளம் கிழக்கு சூடானில், கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில். சாமையும் வரகும் கொள்ளும் உளுந்தும் பச்சைப்பயறும் இந்தியத் துணைக்கண்டத்துக்காரர்கள்.

ஆப்பிரிக்கத் தானியங்கள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அரபிக்கடல் தாண்டி இங்கே வந்தன. நம் மழைக்கு நன்றாகப் பொருந்தின, நம் முன்னோர் ஏற்றுக்கொண்டார்கள். இதைச் சொன்னால் கூட்டத்தில் சிலர் முகம் வாடுகிறது. வாட வேண்டியதில்லை. வந்த விதையை நம் மண்ணுக்கு ஏற்ற நூற்றுக்கணக்கான நாட்டு ரகங்களாக்கியது இங்குள்ள உழவர்கள். அதுவும் பெரிய படைப்புதான்.

15. அப்படியானால் பயிர் மட்டும் கைமாறியதா, உழவர்களே இடம்பெயர்ந்தார்களா?

இரண்டும் நடந்தது, இடத்தைப் பொறுத்து. ஐரோப்பாவில் பழைய எலும்புகளின் மரபணு தெளிவாகச் சொல்கிறது: துருக்கிப் பக்கத்து உழவர்கள் தலைமுறை தலைமுறையாக மேற்கே நகர்ந்தார்கள். அங்கிருந்த வேட்டையாடிகளோடு கலப்பு மெதுவாக, பின்னால் நடந்தது. சைப்ரஸ் தீவுக்கு உழவர்கள் படகில் ஆடும் மாடும் ஏற்றிப் போனார்கள். ஷிலுரோகம்போஸ் ஊரில் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பக்கத்தில் ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். கம்பு இந்தியாவுக்கு வந்ததோ வேறு மாதிரி. விதை வந்தது, பெரும் மக்கள்கூட்டம் வந்ததற்கு அடையாளம் இல்லை.

16. நியூ கினியை ஏன் சேர்க்கிறீர்கள்? அங்கே நகரமோ அரசோ வரவில்லையே?

நகரம் வந்தால்தான் உழவு என்று யார் சொன்னது? பப்புவா நியூ கினியின் குக் சதுப்பு நிலத்தில் 1970களில் ஜாக் கோல்சன் குழு பழைய வடிகால்களையும் செடி நட்ட மண்மேடுகளையும் கண்டது. அந்த மேடுகளுக்கு வயது சுமார் 7,000 ஆண்டுகள். வாழை, சேம்பு, வள்ளிக்கிழங்கு ஆகியவற்றின் நுண்துகள்கள் அங்கே கிடைத்தன. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. கிழங்கும் வாழையும் விதை விடாமல் பெருகுபவை. 2ஆம் பதிலில் சொன்ன கருகிய தானியத்தை மட்டும் தேடினால் இந்த உழவு கண்ணில் படவே படாது. வெப்பமண்டல உழவர்களை வரலாறு இவ்வளவு காலம் மறந்திருந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

17. கடலில் மூழ்கிய ஒரு பழைய கண்டத்தில் இருந்துதான் உலகம் முழுக்க விவசாயம் போனது என்கிறார்களே?

ஒரே ஆசிரியர் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தால் எல்லா இடத்திலும் ஒரே விதை முளைத்திருக்க வேண்டும். மெக்சிகோவில் கோதுமை இல்லை, சீனாவின் முதல் ஊர்களில் மக்காச்சோளம் இல்லை. ஒவ்வோர் இடத்திலும் பயிரானது பக்கத்துக் காட்டுச் செடி. காட்டு வகை வீட்டு வகையாக மாறிய படிகளும் அந்தந்த இடத்து மண்ணிலேயே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கற்றுக்கொடுக்கப்பட்ட வித்தைக்கு இவ்வளவு நீண்ட தடுமாற்றம் இருக்காது.

மூழ்கிய ஊர்கள் உண்மையில் உண்டு. பனி உருகிக் கடல் ஏறியபோது கடற்கரை ஊர்கள் போய்விட்டன. இஸ்ரேல் கரையருகே கடலடியில், 8 முதல் 12 மீட்டர் ஆழத்தில் அத்லித் யாம் என்னும் 9,000 ஆண்டுப் பழைய ஊர் கிடக்கிறது. வீடுகள், கிணறு, கோதுமை, மீன் எலும்பு, புதைத்த மனிதர்கள் எல்லாம் அங்கே உண்டு. மூழ்கிய ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி: அந்தக் காலத்து மற்ற ஊர்களைப் போலவே எளிய உழவரும் மீனவரும் வாழ்ந்த ஊர்.

18. முக்கியமானதெல்லாம் தோண்டி முடித்துவிட்டார்களா?

இல்லை. தோண்டுவதற்குள் அழிந்துபோவதுதான் என் கவலை. அபு ஹுரைராவை 1972, 73 ஆண்டுகளில் அவசர அவசரமாகத் தோண்டினார்கள், ஏனெனில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று அந்த ஊர் ஏரிக்கு அடியில். மிகச் சிறிய பகுதிதான் ஆராயப்பட்டது. அதிலிருந்தே இவ்வளவு தெரிந்துகொண்டோம். நம் பக்கத்துச் சாம்பல் மேடுகளை எருவுக்காக வெட்டியிருக்கிறார்கள். பல்லாரி அருகே சங்கனக்கல்லு குன்றுகளில் கருங்கல் குவாரி பழைய ஊர்களின் தடயங்களைத் தின்றிருக்கிறது.

19. எங்கள் நிலத்தில் வழவழப்பான கல்கோடரி கிடைத்தால் என்ன செய்வது?

தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்களிலும் மலைப்பகுதிகளிலும் இது கிடைப்பது அபூர்வமில்லை. சில ஊர்களில் அவற்றைக் கோயிலில் வைத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். அப்படி இருந்தால் எடுக்க வேண்டாம், இருக்கும் இடத்திலேயே படமெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வயலில் கண்டால் முதலில் கிடந்த இடத்தையும் ஆழத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சுற்றிலும் பானை ஓடு, கரி, சாம்பல், எலும்பு தெரிகிறதா பாருங்கள், ஆனால் நீங்களே மேற்கொண்டு தோண்டாதீர்கள். கழுவவும் வேண்டாம், ஓரத்தில் ஒட்டியிருக்கும் மண்ணில்கூடச் செய்தி இருக்கலாம். பிறகு மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கிடந்த இடத்தை மறந்துவிட்டால் அதன் பாதிச் செய்தி போய்விடும்.